குட்டிக் குதிரை இரை எடுக்கவில்லையா? வேண்டாமென்கிறதா, முடியவில்லையா என்று முதலில் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் குதிரை கட்டியிருப்பவர்களில் பலரும் மாடு வளர்த்துப் பழகியவர்கள். வண்டிப் பந்தயத்துக்கோ கல்யாண ஊர்வலச் சாரட்டுக்கோ என்று ஒன்றரை, இரண்டு வயதுக் குட்டியை வாங்கி வந்து கட்டுவார்கள். மாட்டுக்கு அறுத்த புல்லில் ஒரு கட்டு அதற்கும் விழும். மாட்டுத் தவிட்டில் ஒரு படி அதற்கும் போகும். ஒரு நாள் குட்டி காடியில் மூக்கை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உடனே மாட்டு வைத்தியம் தொடங்கிவிடும்: தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் நல்லெண்ணெய், இஞ்சிச் சாறு, பெருங்காயம்.

அதைச் செய்யாதீர்கள். மாட்டுக்கு நான்கு அறை வயிறு, அசை போடும், போன இரை வாய்க்குத் திரும்பி வரும். குதிரைக்கு இரைப்பை ஒன்றுதான். உள்ளே போனது திரும்பாது, வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. தொண்டையில் எதுவோ அடைத்து நிற்கும் குட்டியின் வாயில் ஊற்றுகிற எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலில் இறங்கும். அடைப்பில் பிழைத்த குட்டிகூட அந்த எண்ணெயால் செத்துப்போகும்.

'இரை எடுக்கலை' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, பசியே இல்லாதது: காய்ச்சல், வயிற்று வலி, குடல் புண், விஷம். மற்றொன்று, பசி இருந்தும் தின்ன முடியாதது: பல், நாக்கு, தாடை, தொண்டை. முதல் வகைக் குட்டி தீனியைத் திரும்பிப் பார்க்காது. இரண்டாம் வகை ஓடி வரும், வாயில் எடுக்கும், பிறகு கீழே விடும், மறுபடி எடுக்கும். எது என்று தெரியாமல் கொடுக்கும் மருந்து எதுவும் குருட்டு மருந்துதான்.

வாயில் கை விடும் முன்

எச்சில் ஒழுக நிற்கும் குட்டியைப் பார்த்ததும் வாயைப் பிளந்து பார்க்கத்தான் கை போகும். பொறுங்கள். வெறிநோய் வந்த குதிரைக்கும் இப்படித்தான் எச்சில் ஒழுகும், விழுங்க வராது. நாய் கடித்ததை யாரும் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. பின்னங்கால் தள்ளாட்டம், கனைக்கும் குரல் மாறிப்போவது, தன் காலையோ விலாவையோ தானே கடிப்பது, காரணமில்லாத மிரட்சி, இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் வாயைத் தொடவே கூடாது. கட்டுத்தறியிலேயே விட்டு, பிள்ளைகளை விலக்கிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். எச்சில் ஏற்கெனவே கையில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வில்வாதம் என்கிற டெட்டனஸ். லாட ஆணி ஏறிய குளம்பு, கருவேல முள் குத்திய இடம், காயடித்த புண், இப்படி எங்காவது ஓர் ஓட்டையிலிருந்து தொடங்கும். தாடை இறுகிப் பூட்டிக்கொள்ளும். காது விறைக்கும், வால் சற்றுத் தூக்கி நிற்கும், ஐயனார் கோயில் மண் குதிரையைப் போல நான்கு காலையும் அகட்டி ஊன்றி நிற்கும். மோவாய்க்குக் கீழே விரலால் லேசாகத் தட்டித் தலையைச் சற்று உயர்த்திப் பாருங்கள். கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு சவ்வு பாதிக் கண்ணை மூடினால் ஏறத்தாழ உறுதி. சத்தமும் வெளிச்சமும் இல்லாத இடத்துக்கு மெதுவாக மாற்றிவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். குதிரைக்கு இந்த நோய் மாட்டைவிட மிக எளிதில் வரும். ஆண்டுக்கு ஒரு தடுப்பூசிச் செலவைப் பார்த்து இதை வரவழைத்துக்கொள்வது பெரிய நட்டம்.

இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்

இந்த இரண்டும் இல்லையென்றால் முதலில் வெப்பமானி. குதிரையின் இடப்பக்கம், பின்னங்காலை ஒட்டி நின்று, வாலை ஒதுக்கி ஆசனவாயில் வைக்க வேண்டும். நேர் பின்னால் நிற்காதீர்கள். வெப்பமானியின் முனையில் நூல் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே வழுக்கிப் போகும். 99.5 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. சித்திரை வெயிலில் ஓடி வந்த குட்டிக்கு இது கூடும். நிழலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு எடுங்கள். நாடித்துடிப்பு கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் கிடைக்கும். ஒரு வயதுக் குட்டிக்கு நிமிடத்துக்கு 40 முதல் 60, மூன்று வயதுக்கு மேல் 28 முதல் 44. சும்மா நிற்கும்போதே 60-க்கு மேல் ஓடினால் எங்கோ வலி இருக்கிறது.

பிறகு தீனியை வரிசையாகக் காட்டுங்கள். முதலில் ஒரு கைப்பிடி இளம் அருகம்புல், அடுத்து காய்ந்த புல், அடுத்து ஊறி வெந்த கொள்ளு ஒரு கை, கடைசியில் வாளியில் தண்ணீர். ஒவ்வொன்றிலும் கவனிக்க வேண்டியது ஒன்றே: வேலை எந்த இடத்தில் நின்றுபோகிறது?

உதட்டால் எடுக்கவே தடுமாறினால் முன்பல், உதடு, நாக்கு நுனி, அல்லது முக நரம்பு. இளம் புல்லைத் தின்று காய்ந்த புல்லை விட்டால் கடைவாய்ப் பல். தண்ணீர் குடிக்கும்போது சட்டென்று தலையை இழுத்தால் குளிர்ச்சி பட்டுக் கூசும் பல். மென்று முடித்து விழுங்கும் நேரத்தில் கழுத்தை நீட்டி முன்னால் வளைந்தால் தொண்டை. குடித்த தண்ணீரோ பச்சைச் சாறோ மூக்கு வழியாக வந்தால் தொண்டையேதான், தள்ளிப்போடக் கூடாது.

நல்ல பல் உள்ள குதிரை மெல்லும் சத்தம் திருகையில் பயறு உடைப்பதுபோல ஒரே சீராகக் கேட்கும். வலி உள்ளது நடுநடுவே நிறுத்தும், தலையை ஒரு பக்கம் சாய்க்கும், ஒரே பக்கத்தில் மெல்லும். காடிக்குக் கீழே பாருங்கள். பாதி மென்று உருட்டித் துப்பிய புல் உருண்டை, சுருட்டு மாதிரி, எச்சிலோடு கிடக்கும். அதை எடுத்துப் பிரித்தால் நார் நீளநீளமாக அறுபடாமல் இருக்கும். சாணியையும் உடைத்துப் பாருங்கள். நார் 1 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகக் கிடந்தாலோ கொள்ளு முழுசாக வந்தாலோ அரைபடவில்லை என்று பொருள். வேறு எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் இந்த உருண்டையும் சாணியும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். மருத்துவர் வரும்வரை அந்த உருண்டையை ஒரு தாளில் மடித்து வையுங்கள்.

வயதைக் கேட்டால் பல் சொல்லும்

மாட்டுக்கு 'ரெண்டு பல், நாலு பல்' என்று எண்ணுகிற கணக்கு குதிரைக்கும் ஓரளவு உண்டு. ஆனால் மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, குதிரைக்கு இரண்டு தாடையிலும் ஆறாறு. நடு முன்பல் ஜோடி இரண்டரை வயதில் மாறும், அடுத்தது மூன்றரையில், ஓரப்பல் நாலரையில்.

தொல்லை தருபவை முன்பல்லைவிடக் கண்ணுக்குத் தெரியாத கடைவாய்ப் பற்கள். பக்கத்துக்கு மூன்று பால் கடைவாய்ப் பற்கள் உண்டு. அவற்றை முட்டித் தள்ளிக்கொண்டு நிலைப்பற்கள் இரண்டரை, மூன்று, நான்கு வயதில் வரிசையாக வரும். அவற்றுக்குப் பின்னால் புதிதாக மூன்று பற்கள் முதல் வயதிலும் இரண்டாம் வயதிலும் மூன்றரை நான்கு வயதிலும் முளைக்கும். ஆக இரண்டரைக்கும் நாலரைக்கும் இடையில் குட்டியின் வாயில் ஏதாவது ஒரு பல் ஆடிக்கொண்டோ ஈறைக் கிழித்துக்கொண்டோ இருக்கும். நாம் கடிவாளம் போட்டுப் பழக்குவதும் சரியாக அந்த வயதில்தான்.

விழ வேண்டிய பால் பல் விழாமல் புதுப்பல்லின் தலையில் தொப்பிபோல ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு ஓரம் ஆடும், இடுக்கில் புல் சொருகும், ஈறு புண்ணாகும், வாய் நாறும். ஆடுகிற தொப்பியை மருத்துவர் இடுக்கியால் எடுத்துவிடுவார், அன்று மாலையே குட்டி தின்னும். ஆடாததை நாம் நெம்பினால் பால் பல்லின் வேர்த்துண்டு ஈறுக்குள் உடைந்து நிற்கும், கீழே முற்றாத புதுப்பல்லும் கெடும். ஒரு பக்கம் தொப்பி விழுந்து எதிர்ப்பக்கம் அதே பல் பல வாரம் கழித்தும் விழாமல் நின்றால் அதுதான் சந்தேகத்துக்கு இடம்.

கீழ்த்தாடையின் அடியில் மூன்று, நான்கு வயதில் எலும்பு முண்டு தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொட்டால் சூடோ வலியோ இல்லாமல் இருந்தால் அது உள்ளே வளரும் பல்லின் வேர்; தானே கரையும். ஒரு பக்கம் மட்டும், சூடாக, சீழ் கசிந்தால் வேர் அழுகியிருக்கிறது. மேல் பல் வேர் அழுகினால் ஒரே மூக்குத்துளையில் நாற்றச் சளி வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல் மாறும் வயதில் மேல் முன்பல்லுக்குப் பின்னால் அண்ணம் தடித்து, பல்லின் மட்டத்துக்கே இறங்கி நிற்கும். இது நோயில்லை. இதைப் பார்த்துவிட்டு 'அண்ணம் இறங்கிடுச்சு' என்று சூடு வைப்பதும் கத்தியால் கீறுவதும் கொடுமை. இளம் குதிரைக்கு அது இயல்பு. சூடு வைத்த பிறகு உண்மையிலேயே தின்ன முடியாமல் போகும்.

வாயைப் பார்க்கும் முறை

ஒருவர் கழுத்துக் கயிற்றைப் பிடிக்க, நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள். முதலில் வெளியிலிருந்தே: கன்னத்தின் மேல் விரலால் மேல் கடைவாய்ப் பல் வரிசையை ஓட்டி அழுத்துங்கள். சட்டென்று தலையை உதறினால் பல்லின் வெளி விளிம்பு ஊசியாகிக் கன்னத்தைக் குத்துகிறது. இரண்டு பக்கத் தாடைத் தசையும் ஒரே திரட்சியாக இருக்கிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். வற்றிய பக்கத்தில் அது மெல்வதில்லை.

பிறகு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையே, கடிவாளம் உட்காரும் பல்லில்லாத இடத்தில் கட்டைவிரலை நுழைத்தால் வாய் திறக்கும். நாக்கைப் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் ஒதுக்குங்கள், இழுக்கக் கூடாது. நாக்கின் அடித்தசை கிழிந்துவிடும். டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியவை: நாக்கில் கடிவாள வெட்டு, கடிவாளம் உட்காரும் ஈறில் புண், மேல் கடைவாய் வரிசையின் முன்னால் சுண்டுவிரல் நகம் அளவில் தனியாக நிற்கும் ஓநாய்ப்பல். முதல் ஒன்றரை வயதுக்குள் இது முளைக்கும். கடிவாளம் இதில் இடித்தால் குட்டி தலையை ஆட்டும், மருத்துவர் பிடுங்கிவிடலாம்.

மேல்வாயில் குறுக்கே சொருகி நிற்கும் குச்சியையும் தேடுங்கள். இந்தச் சீமையில் சீமைக்கருவேலம் இல்லாத வேலி எங்கே? முள்குச்சி இடப்பக்கப் பல்லுக்கும் வலப்பக்கப் பல்லுக்கும் நடுவே அண்ணத்தில் மாட்டிக்கொண்டால் குட்டி நாக்கைச் சுழற்றிக்கொண்டே நிற்கும், பார்க்கிறவருக்குப் பைத்தியம் பிடித்ததுபோலத் தெரியும். ஊசி விதை உள்ள காய்ந்த புல்லும் ஈறிலும் நாக்கடியிலும் ஏறிச் சீழ் பிடிக்கும். முன்னங்கால் முடியில் மஞ்சள் நிறத்தில் ஈர்போல முட்டை ஒட்டியிருந்தால் அது குதிரை ஈயின் முட்டை. நக்கும்போது புழு வாய்க்குள் போய் நாக்கிலும் ஈறிலும் துளைக்கும். மழுங்கிய பிளேடால் முடியோடு வழித்து எடுத்துவிடுங்கள்.

கடைவாய் ஆழம் வரை கை விட முயலாதீர்கள். வாயை விரித்துப் பிடிக்கும் இரும்புக் கருவியும் மயக்க ஊசியும் இல்லாமல் அங்கே பார்ப்பது விரலுக்கு ஆபத்து. ஊசி விளிம்பை அரத்தால் ராவுவதும் மருத்துவர் வேலையே.

நம் தீனியே தாடையை உருக்கும் கதை

பல்லில் குறை தெரியவில்லை, காய்ச்சல் இல்லை, ஆனாலும் குட்டி மெதுவாக மெல்கிறது, நாளுக்கொரு காலை நொண்டுகிறது, முகம் இரு பக்கமும் கண்ணுக்குக் கீழே ஒரே மாதிரி உப்பிக்கொண்டே வருகிறது. இப்படி இருந்தால் வாயை விட்டுவிட்டுக் காடியைப் பாருங்கள்.

காரணம் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம்: ஒரு கிலோவில் சுமார் 11 கிராம் பாஸ்பரஸ், கால்சியம் ஒன்றரை கிராம்கூட இல்லை. அரிசித் தவிடு இதைவிட மோசம். வளரும் குட்டிக்குத் தேவை இதற்கு நேர்மாறு. பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு. கணக்கு தவறினால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். முதலில் உருவுவது தாடை எலும்பிலிருந்து. எலும்பு போன இடத்தில் நார் நிரம்பி முகம் பெருக்கும், பல் ஆடும், மெல்ல வலிக்கும்.

இதோடு கோ-4 மாதிரியான கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் சேர்ந்தால் நிலைமை இரட்டிப்பாகும். அந்தப் புல்லில் ஆக்சலேட் இருக்கிறது. புல்லில் உள்ள கால்சியத்தை அது கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும், அதனால் மாடு கொழுக்கும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. பக்கத்துத் தறியில் அதே புல்லைத் தின்று பசு நன்றாக இருப்பதைப் பார்த்து நாம் ஏமாறுவது இங்கேதான். கினியாப் புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் இதே வகை. அருகம்புல் பயமில்லை.

மாற்ற வேண்டியது இது. ஒட்டுப்புல்லை மொத்தப் புல்லில் கால் பங்குக்குக் குறையுங்கள். குதிரை மசால் என்று பேரிலேயே குதிரையை வைத்திருக்கும் லூசர்ன் கிடைத்தால் காய்ந்ததாக நாளுக்கு ஒரு கிலோ கொடுங்கள், கால்சியம் 13 கிராமுக்குக் குறையாது. வேலி மசால் இங்கேயே வளரும். புதுக்கோட்டைப் பக்கத்துக் கடலைக்கொடியும் நல்லது, ஆனால் வேரில் ஒட்டிய செம்மண்ணை உதறி, பூஞ்சை இல்லாததை மட்டும். மண்ணோடு தின்றால் குடலில் மணல் சேர்ந்து வயிற்று வலி வரும்.

தவிட்டை முழுக்க நிறுத்துவது நல்லது. நிறுத்த முடியாவிட்டால் தவிடு ஒரு கிலோவுக்கு 40 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் நனைத்துக் கலக்குங்கள். தீவனக் கடையில் சுண்ணாம்புக்கல் தூள், கால்சைட் என்று கேட்டால் கிடைக்கும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்போ வெள்ளையடிக்கும் சுண்ணாம்போ கலக்கவே கூடாது. வாயும் குடலும் வெந்துபோகும். ரத்தத்தில் கால்சியம் அளவு சரியாகவே இருக்கும், அதை நம்பி நோயில்லை என்று முடிவு செய்யாதீர்கள். எலும்பைக் கரைத்துத்தான் உடம்பு அந்த அளவைக் காப்பாற்றுகிறது. எலும்பு தேற மாதக்கணக்காகும். அதுவரை வண்டியில் பூட்டினால் கால் எலும்பே முறியலாம்.

தொண்டை அடைப்பு

ஆவலாகக் காய்ந்த தவிட்டில் வாயை வைத்த குட்டி திடீரென்று பின்வாங்கும், கழுத்தை நீட்டி வளைக்கும், இருமும், இரு மூக்கிலும் பச்சையோ பழுப்போ நுரை கலந்த தீனி வடியும். கழுத்தின் இடப்பக்கப் பள்ளத்தில் சில நேரம் கையில் தட்டும்படி ஒரு கட்டி இருக்கும். பல் மாறும் வயதில் மெல்லாமல் விழுங்குவதால் இது அதிகம். பொங்கல் கரும்புத் துண்டு, தேங்காய்ச் சில்லு, மாங்கொட்டை, ஊர்வலத்தில் கை நீட்டிக் கொடுக்கும் முழு கேரட், எல்லாமே அடைக்கும்.

அடைத்தது உணவுக்குழாயில்; மூச்சு போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே பதற வேண்டாம். தீனியையும் தண்ணீரையும் உடனே எட்டாமல் எடுத்துவிடுங்கள். கட்டுக்கயிற்றைத் தளர்த்தித் தலை தாழ நிற்கவிடுங்கள், வடிவது வெளியே போகட்டும். வைக்கோலைப் படுக்கையாகப் போட்டிருந்தால் அதையும் அள்ளிவிடுங்கள். மருத்துவரை அழையுங்கள், அவர் வருவதற்குள் எச்சில் ஊறி அடைப்பு தானே இறங்கிவிடுவது உண்டு. எண்ணெய், வாழைப்பழம், சோடா, ரப்பர்க் குழாய் எதுவும் வேண்டாம். கழுத்தைத் தடவலாம் என்றால் மென்மையாக மட்டும். அழுத்தித் தள்ளினால் குழாய் கிழியும்.

அடைப்பு நீங்கிய பிறகும் உள்சுவர் வீங்கியிருக்கும். மூன்று நான்கு நாள் கூழ்ப் பதத்தில் நனைத்த தீனி மட்டும். காலை மாலை வெப்பநிலை எடுத்துக் குறித்து வையுங்கள். ஐந்து நாளைக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால் தீனி நுரையீரலுக்குள் போயிருக்கிறது. இனி அடைக்காமலிருக்கக் காடியில் முஷ்டியைவிடப் பெரிய வழவழப்பான கற்கள் நாலைந்து போட்டு வைத்தால் ஒதுக்கி ஒதுக்கி நிதானமாகத் தின்னும்.

காய்ச்சலோடு வந்தால்

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பிடித்து வந்த குட்டி, இரண்டு வாரத்துக்குள் 103, 104 காய்ச்சல், இரு தாடைக்கும் நடுவில் வீக்கம், மூக்கில் கெட்டிச் சளி, விழுங்கும்போது வலி. இது பெரும்பாலும் ஸ்ட்ராங்கிள்ஸ் என்னும் சீழ்க்கட்டி நோய். ஒன்று முதல் ஐந்து வயதுக் குதிரைகளைத்தான் அதிகம் பிடிக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் கட்டி பழுக்கும். பழுத்ததை மருத்துவர் கீறுவார். வாளி, துணி, ஆள் எல்லாமே தனி. எந்தக் குட்டியை வாங்கினாலும் மூன்று வாரம் ஒதுக்குப்புறத்தில் கட்டுவதைப் பழக்கமாக்குங்கள்.

அதே சளியோடு மூக்கின் உள்ளே புண்ணும் காலிலோ வயிற்றடியிலோ கயிறு ஓடினாற்போல வரிசையாகக் கட்டிகளும் இருந்தால் கிளாண்டர்ஸ் சந்தேகம். மனிதருக்குத் தொற்றிக் கொல்லக்கூடியது. 2009-ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ரத்த மாதிரி ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்குப் போகும். மறைத்து விற்பவர் வாங்குகிறவர் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து விற்கிறார்.

பசியே இல்லாத மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். விலாவைத் திரும்பிப் பார்ப்பது, மண்ணைக் காலால் பறண்டுவது, படுத்துப் புரள்வது வயிற்று வலி, காலம் கடத்தாதீர்கள். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, இரண்டு வாய் தின்றதும் விலகினால் இரைப்பைப் புண்; வலி மாத்திரைகளை நாள்கணக்காகக் கொடுத்த குட்டிகளுக்கு இது வரும். வயிறு பானை, முடி சொரசொரப்பு என்றால் உருண்டைப் புழு. ஒன்றரை வயது வரை இந்தப் புழுத் தொல்லை அதிகம். புழு நிறைய இருக்கும்போது ஒரே அடியாகக் கொன்றால் குடலை அடைக்கும், அதனால் எடை பார்த்து மருத்துவர் சொல்லும் மருந்துதான். கோழித் தீவனமும் மொனன்சின் என்ற மருந்து கலந்த மாட்டுத் தீவனமும் குதிரையின் இதயத்தைக் கொல்லும் விஷம். மூட்டை லேபிளைப் படிக்காமல் காடியில் கொட்டாதீர்கள். வேலியோர அரளியின் சில இலைகளே போதும் உயிரெடுக்க. சீமைக்கருவேல நெற்றைக் குவியலாகத் தின்றால் குடல் அடைக்கும்.

தாயிடம் குடிக்கும் பிறந்த குட்டியென்றால் கணக்கு மணியில்: ஒரு மணி நேரத்தில் எழ வேண்டும், இரண்டு மணி நேரத்தில் மடியைப் பிடிக்க வேண்டும். குட்டியின் நெற்றியில் பால் வழிந்து காய்ந்திருந்தால் மடிக்கு அடியில் நிற்கிறது, குடிக்கவில்லை. பால் மூக்கில் வந்தால் அண்ணப் பிளவா என்று அன்றே பார்க்க வேண்டும்.

வாய் ஆறும்வரை என்ன கொடுப்பது

முதலில் எடை. மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளத்தாலும் பெருக்குங்கள். ஒரு வயதுக் குட்டிக்கு 10,900 ஆல், வளர்ந்ததற்கு 11,900 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்று 130, நீளம் 125 என்றால் ஒரு வயதுக் குட்டி சுமார் 194 கிலோ.

அந்த எடைக்கு நாளுக்கு நாலரைக் கிலோ காய்ந்த தீனி தேவை. வாய் புண்ணாக இருக்கும்போது காய்ந்த குதிரை மசாலையோ மெல்லிய புல்லையோ வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து ஐந்தாறு வேளையாகக் கொடுங்கள். வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் புளித்துவிடும், கொட்டிவிடுங்கள். கொள்ளு இரவு முழுக்க ஊறி, விரலில் நசுங்கும்வரை வெந்து, மசித்துக் கஞ்சியாக்கி வேளைக்குக் கால் கிலோ, நாளுக்கு முக்கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். உப்பு நாளுக்கு 20 கிராம். வைக்கோலை இந்த நாட்களில் அறவே தவிருங்கள். மெல்லாமல் போன வைக்கோல் குடலில் கட்டியாகும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்து குட்டி குடிக்க மறுத்தால் மழைநீரோ ஊருணித் தண்ணீரோ காட்டிப் பாருங்கள். தண்ணீர் குடிக்காத குதிரை தீனியும் தின்னாது.

வளர்ந்த குதிரை 24 மணி நேரம், குட்டி அரை நாள் எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. மட்டக்குதிரையைக் குறிப்பாகப் பட்டினி போடாதீர்கள், உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுத்துவிடும். 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். மயக்கம் கொடுத்துப் பல் பார்க்க வேண்டிய நிலை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். பேசும்போது இவற்றைச் சொல்லுங்கள்: வயது, எடை, வெப்பநிலை, நாடி, கடைசியாக எப்போது என்ன தின்றது, எடுப்பது மெல்வது விழுங்குவது மூன்றில் எங்கே நிற்கிறது, மூக்கில் என்ன வருகிறது, எந்தப் பக்கம், டெட்டனஸ் ஊசி போட்ட தேதி. மடித்து வைத்த புல் உருண்டையையும் அன்றைய சாணியில் ஒரு கையளவையும் மருத்துவர் கையில் கொடுங்கள்.